எரிந்த நிலைமாற்றிக்கு ஈடு தெரிதல்

மலைநாட்டிலே தோன்றும் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகிக் கித்துள்கலையைக் கடந்து யட்டியாந்தோட்டைப் பக்கம் இறங்கி வருகின்றன. ஆற்றங்கரையில் நின்று நோக்குவோர்க்கு அது மழைநீர் சுமந்துவரும் ஒரு மலையாறு. ஆயினும், அந்நீரில் ஒரு பகுதி இங்கு வந்து சேருமுன்னரே பெரும் பணியொன்றை முடித்துவிட்டு வருகிறது. இம்மலை வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்னும் இலங்கைப் பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1950ஆம் ஆண்டில் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது அவர் கண்ட கனவு நனவாயிற்று.

மின்நிலையத்திற் பிறந்த மின்சாரம் பிறந்தவாறே வீட்டுக்கு வருவதில்லை. நெடுந்தூரம் செல்லுதற்பொருட்டு அதன் அழுத்தம் பன்மடங்கு உயர்த்தப்படுகிறது. ஊரை அண்மியதும் அது படிப்படியாகத் தாழ்த்தப்பட்டு, 230 வோல்ற்று அளவில் வீட்டை எட்டுகிறது. இவ்வாறு உயர்த்தியும் தாழ்த்தியும் தருகின்ற கருவியே நிலைமாற்றி. பேச்சு வழக்கில் இதனை ட்ரான்ஸ்போமர் என்பர். தெருவோரக் கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கும் பெரிய நிலைமாற்றியை யாவரும் கண்டிருப்பர். பழைய வானொலிப் பெட்டிக்குள்ளும், வால்வுகளால் இயங்கும் கித்தார் ஒலிபெருக்கிக்குள்ளும் அதன் தம்பி ஒருவன் ஒளிந்திருப்பதை அறிவோர் சிலரே. அத்தம்பி எரிந்துபோனால் அவனுக்கு ஈடாக மற்றொன்றை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம். ஈண்டு ஒலிபெருக்கி என்பது அம்பிளிபயர் என வழங்கும் கருவியையே குறிக்கும். ஓசையை வெளிவிடும் ஸ்பீக்கர் வேறு.

களனிப் பள்ளத்தாக்கின் தேயிலை, இறப்பர்த் தோட்டம் ஒன்றில் இளைஞர் சிலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு பழைய வால்வு ஒலிபெருக்கி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள் என்று கொள்வோம். திரான்சிஸ்டர்க் கருவிகள் மலிந்துவிட்ட இக்காலத்திலும் கித்தார் வாசிப்போர் பலர் வால்வையே விரும்புகின்றனர். அளவுக்கு மேல் ஒலிக்கும்போது வால்வு தருகின்ற இதமான கரகரப்பு அவர்கள் செவிக்கு இனிக்கிறது. அதனால் ரஷ்யா, சீனா, சுலோவாக்கியா முதலிய நாடுகளில் வால்வுகள் இன்றும் செய்யப்படுகின்றன.

திருவிழா இரவு. கோயில் முன்றிலிற் கூட்டம் நிறைந்திருக்கிறது. திடீரென ஓசை தளர்கிறது. மெழுகும் தாரும் சேர்ந்து காய்வது போன்ற நாற்றம் எழுகிறது. கருவியின் பின்புறத்திற் புகை தெரிகிறது. பின்னர் யாவும் அடங்கிவிடுகின்றன. மறுநாட் காலை ஒருவர் எரிந்த நிலைமாற்றியைக் கழற்றிப் பையிலிட்டுக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார். புறக்கோட்டை முதலாங் குறுக்குத்தெருவிலே கடை கடையாக ஏறி இறங்குகிறார். இவ்வாறு புறப்படுவோர் பெரும்பாலும் மூன்று தவறுகளில் ஒன்றைச் செய்துவிடுகின்றனர்.

முதலாவது தவறு, பருமனும் திருகுத் துளைகளும் ஒத்திருப்பது கண்டு ஒன்றை வாங்கிவிடுதல். இரண்டாவது, வோல்ற்று எண்ணை மட்டும் பார்த்து வாங்குதல். மூன்றாவது, புதியதைப் பூட்டியதும் உருகி எரிகிறதே என்று, அதாவது பியூஸ் போகிறதே என்று, அவ்விடத்தில் தடித்த கம்பியொன்றைச் சுற்றிவிடுதல். முதலாவது தவறு பணத்தை விழுங்கும். இரண்டாவது கருவியை விழுங்கும். மூன்றாவது கொட்டகையையும் அதனுள் இருப்போரையும் விழுங்கவும் கூடும்.

நிலைமாற்றியின் தொழிலைச் சிறிது உணர்ந்துகொண்டால் இத்தவறுகள் மூன்றையும் விலக்கலாம். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே என்னும் ஆங்கிலேய அறிஞர் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தொடக்கும்போதும் நிறுத்தும்போதும், அதனோடு தொடர்பில்லாத மற்றைச் சுருளிலும் கணநேரம் மின் எழுவதைக் கண்டார். மின்னோட்டம் மாறும்போது இரும்பிலுள்ள காந்தமும் மாறுகிறது. காந்தத்தின் மாற்றம் அடுத்த சுருளில் மின்னை எழுப்புகிறது. நம் வீடுகளுக்கு வருவது ஆடலோட்டம். அது செக்கனுக்கு 50 சுழற்சியாக ஓயாது மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இரண்டாவது சுருளிலும் ஓயாது மின் எழுகிறது.

மின்சாரத்தை வெளியிலிருந்து பெறும் சுருள் முதற்சுருள். அதனை மாற்றித் தருவது துணைச்சுருள். இரண்டையும் தாங்கி நிற்கும் இரும்புத் தகட்டு அடுக்கு அகணி எனப்படும். முதற்சுருளில் 1000 சுற்றுகள் இருந்து அதற்கு 230 வோல்ற்று ஊட்டினால், துணைச்சுருளில் ஏறத்தாழ 27 சுற்றுகள் 6.3 வோல்ற்றைத் தரும். 1304 சுற்றுகள் 300 வோல்ற்றைத் தரும். சுற்றுகளின் விகிதமே அழுத்தங்களின் விகிதம்.

வால்வு ஒலிபெருக்கியின் நிலைமாற்றியிற் பொதுவாக மூன்று துணைச்சுருள்கள் உண்டு. ஒன்று உயர் அழுத்தச் சுருள். அது வால்வுகள் தொழில் புரிவதற்கான நூற்றுக்கணக்கான வோல்ற்றைத் தருகிறது. மற்றொன்று 6.3 வோல்ற்றுச் சுருள். அது வால்வுகளின் உள்ளிழைகளைச் சிவக்கச் சூடாக்குகிறது. மூன்றாவது 5 வோல்ற்றுச் சுருள். ஆடலோட்டத்தை ஒரே திசையிற் செல்லும் நேரோட்டமாக மாற்றும் சீராக்கி வால்வை அது சூடாக்குகிறது. ஈடாக வாங்கும் நிலைமாற்றி இம்மூன்று கடமைகளையும் உரிய அளவிற் செய்தல் வேண்டும்.

ஆனால் வாங்கப் புறப்படுமுன் முடிவுசெய்ய வேண்டிய வேறிரண்டு காரியங்கள் உள்ளன. பழைய நிலைமாற்றி உண்மையாகவே இறந்துவிட்டதா? இறந்திருப்பின் அதனைக் கொன்றது எது? சீராக்கி வால்வு உள்ளே குறுக்கிணைந்தாலும், கண்டென்சர் என வழங்கும் கொள்ளளவி முதுமையால் ஒழுகினாலும், வெளியீட்டு வால்வு தன்னைக் கட்டுப்படுத்தும் எதிர் அழுத்தத்தை இழந்து கட்டுக்கடங்காது மின்னோட்டத்தை இழுத்தாலும், அப்பழுவைச் சுமப்பது நிலைமாற்றியே. குற்றவாளி உள்ளே இருக்கப் புதியதைப் பூட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். புதியதும் சில நிமிடங்களிற் பழையதன் வழியே செல்லும்.

தேர்ந்த வினைஞர் இதனை அறிய எளிய முறையொன்றைக் கையாள்வர். துணைச்சுருள்களின் கம்பிகள் யாவற்றையும் கழற்றித் தனித்தனியே காப்பிட்டு, ஒன்றையொன்று தொடாதவாறு வைப்பர். பின்னர் முதற்சுருளோடு 40 அல்லது 60 வாற்று மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் ஊட்டுவர். இழை உள்ள பழைய வகைக் குமிழே இதற்கு ஏற்றது. குமிழ் மங்கியோ ஒளியின்றியோ இருந்தால் நிலைமாற்றி பெரும்பாலும் நலமாக உள்ளது. குற்றம் வேறிடத்தில் உள்ளது. குமிழ் பிரகாசமாக எரிந்தால் சுருளினுள் சுற்றுகள் குறுக்கிணைந்துவிட்டன என்று கொள்ளலாம். மீற்றரால் தடையை மட்டும் அளந்து முடிவு செய்தல் போதாது. ஆயிரம் சுற்றில் ஒரு சுற்றுக் குறுக்கிணைந்தாலும் நிலைமாற்றி கொதித்துவிடும். தடையிலோ அவ்வேறுபாடு தெரியாது.

நிலைமாற்றி இறந்தது உறுதியாயிற்று. கொன்ற பாகமும் மாற்றப்பட்டது. இனித் தெரிவு.

முதலிற் கேட்க வேண்டியது, எந்த மின்வழங்கலுக்கு என்பது. அமெரிக்க நாட்டிற் செய்த ஒலிபெருக்கி 117 வோல்ற்றுக்கும் செக்கனுக்கு 60 சுழற்சிக்கும் அமைந்திருக்கும். இலங்கையில் வழங்குவது 230 வோல்ற்று, 50 சுழற்சி. ஆகவே அங்கிருந்து வருவிக்கும் நிலைமாற்றியில் 230 அல்லது 240 வோல்ற்றுக்கான முனை உண்டா என்று பார்த்தல் வேண்டும். சுழற்சி எண்ணையும் பார்த்தல் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அகணியிலுள்ள காந்தப் பாயத்தின் அளவு, ஊட்டும் அழுத்தத்தைச் சுழற்சியால் வகுக்க வருவதைப் பொறுத்தது. 60 சுழற்சிக்கு மட்டும் அமைந்த அகணியை அதே அழுத்தத்தோடு 50 சுழற்சியில் இயக்கினால் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு அதிகரிக்கும். இரும்பு அதனைத் தாங்காது நிரம்பிவிடுமாயின், நிலைமாற்றி உறுமத் தொடங்கும், சூடேறும். 230 வோல்ற்றை 115 ஆகத் தாழ்த்தும் பெட்டியொன்றை இடையில் வைப்பதாலும் இக்குறை தீராது. அப்பெட்டி அழுத்தத்தை மாற்றுமேயன்றிச் சுழற்சியை மாற்றாது. பெயர்ப்பலகையில் 50 என்றோ, 50, 60 ஆகிய இரண்டுமோ குறித்திருப்பதையே வாங்குக.

220 வோல்ற்றுக்குச் சுற்றிய நிலைமாற்றியை வாங்கிவருவோரும் உளர். வேறுபாடு சிறிதுதானே என்று எண்ணத் தோன்றும். மின்வழியின் அழுத்தம் ஒரே நிலையில் நிற்பதன்று. மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும் நேரத்தில் நெடுவழியின் கடைக்கோடியில் அது தாழும், நள்ளிரவில் உயரும். 240 வோல்ற்று வரும் வேளையில் 220க்குச் சுற்றிய நிலைமாற்றியின் 6.3 வோல்ற்றுச் சுருள் 6.87 வோல்ற்றைத் தரும். வால்வின் இழை பத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வையே பொறுக்கும் என்பர். 6.87 அந்த எல்லையின் விளிம்பில் நிற்கிறது. அவ்வேளையில் 300 வோல்ற்றுச் சுருள் 327 வோல்ற்றைத் தரும். இதன் தீமை யாதென்பது அடுத்த வினாவில் விளங்கும்.

இரண்டாவது வினா, உயர் அழுத்தம் எவ்வளவு என்பது. நிலைமாற்றியின்மேல் 300-0-300 என்று எழுதியிருந்தால், நடுமுனையிலிருந்து இருபுறமும் 300 வோல்ற்று ஆடலோட்டம் கிடைக்கும் என்பது பொருள். ஆடலோட்ட அழுத்தத்தின் உச்சி, எழுதிய எண்ணினும் 1.414 மடங்கு பெரிது. எனவே 300 வோல்ற்றின் உச்சி 424 வோல்ற்று. 5வை3 என்னும் சீராக்கி வால்வு இதில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும்; முழுச் சுமையில் ஏறத்தாழ 300 வோல்ற்று நேரோட்டமே வெளிவரும். வால்வுக்குப் பதிலாகச் சிலிக்கன் டயோட்டுகளை இட்டால் அவை விழுங்குவது மிகச் சொற்பம். வெளிவரும் அழுத்தம் 50 வோல்ற்றுக்கு மேல் உயர்ந்துவிடும். ஆகவே எந்தச் சீராக்கி பூட்டப்பட்டுள்ளது என்பதை அறியாது உயர் அழுத்தச் சுருளைத் தெரிதல் இயலாது.

மேலே கண்ட 327 வோல்ற்றின் உச்சி 462 ஆகும். வால்வு ஒலிபெருக்கிகளிற் பெரிதும் காணப்படும் கொள்ளளவிகள் 450 வோல்ற்று வரையே தாங்குவன. டயோட்டுச் சீராக்கியுள்ள கருவியில், வால்வுகள் சூடேறி மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்குமுன் அந்த உச்சி அழுத்தம் முழுவதும் கொள்ளளவியின்மேல் விழும். சிறிதென எண்ணிய வேறுபாடு கருவியை வெடிக்கச் செய்யும் அளவுக்கு வளர்வது இவ்வாறே.

நடுமுனை உள்ள சுருளை முழுவதுமாகப் பாலச் சீராக்கியோடு இணைத்துவிடும் தவறு இதனினும் கொடியது. 300-0-300 சுருளின் இரு கோடிகளுக்கும் இடையே 600 வோல்ற்று உண்டு. அதன் உச்சி 848 வோல்ற்று. கருவியைக் கெடுப்பதோடு நில்லாது, தொட்டவரையும் கொல்ல வல்லது அது.

அழுத்தம் கூடினால் ஒலியும் கூடுமே என்று இளைஞர் சிலர் ஆசைப்படுவர். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு உயர்ந்தால், மற்றவை யாவும் உரியவாறு மாற்றியமைக்கப்பட்டாலும், வலு 21 சதவீதமே கூடும். செவிக்கு அது ஒரு டெசிபெலுக்கும் குறைந்த வேறுபாடு. கூட்டத்தில் இருப்போர் உணரார். இழப்போ வால்வின் ஆயுள்.

மூன்றாவது வினா, எவ்வளவு மின்னோட்டம் என்பது. அழுத்தம் ஆற்றின் வீழ்ச்சியைப் போன்றது. மின்னோட்டம் ஓடிவரும் நீரின் அளவைப் போன்றது. வீழ்ச்சி உயரமாயினும் நீர் போதாவிடின் சக்கரம் சுழலாது. மெல்லிய கம்பியாற் சுற்றிய நிலைமாற்றியும் 300 வோல்ற்றைக் காட்டும். சுமை ஏறியதும் அது தளர்ந்து சூடேறும். மீற்றரில் எண் சரியாக இருந்ததே, ஒரு மணித்தியாலத்தில் எரிந்ததே என்று வருந்துவோர் இவ்வினாவைக் கேளாதவர்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் பெண்டர் நிறுவனத்தார் 1950களில் விற்ற டீலக்ஸ் போன்ற சிறு கருவியை நோக்குவோம். அதில் வெளியீட்டுக்கு இரண்டு 6வீ6 வால்வுகளும், முன்பகுதிக்கு இரண்டு சிறு வால்வுகளும், சீராக்கியாக ஒரு 5வை3 வால்வும் உள. 6வீ6 வால்வு செய்தோரின் குறிப்பின்படி, இரண்டு வால்வுகள் சேர்ந்து 285 வோல்ற்றில் ஒலியின்றி இருக்கும்போது ஏறத்தாழ 74 மில்லியம்பியரை இழுக்கும். முழு ஒலியில் ஏறத்தாழ 105 மில்லியம்பியரை இழுக்கும். முன்பகுதியையும் சேர்த்தால் 110 எனக் கொள்ளலாம். 5வை3 தரவல்ல மிகக்கூடிய அளவு 125 மில்லியம்பியர். ஆகவே 120 மில்லியம்பியர் அளவு குறித்த நிலைமாற்றி இக்கருவிக்கு ஏற்றது. 60 குறித்தது ஏலாது. நடுமுனைச் சுருளும் இரு சீராக்கிகளும் உள்ளவிடத்து, சுருளின் அளவு வேண்டிய நேரோட்டத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். பாலச் சீராக்கி உள்ளவிடத்து அதன் 1.6 மடங்காக இருத்தல் வேண்டும். கொள்ளளவி மின்னை ஒரே சீராகக் குடியாது, இடையிடையே மடக்கு மடக்காகக் குடிப்பதே இதற்குக் காரணம்.

நான்காவது வினா, சூடாக்கும் சுருள்களைப் பற்றியது. இது வெறும் கூட்டற் கணக்கு. 6வீ6 ஒவ்வொன்றும் 0.45 அம்பியர், இரண்டிற்கு 0.9. 12ஏஎக்ஸ்7 போன்ற சிறு வால்வு ஒவ்வொன்றும் 0.3; இரண்டிற்கு 0.6. முன்பக்கச் சிறு விளக்கு 0.15. ஆக 1.65 அம்பியர். 2 அல்லது 2.5 அம்பியர் குறித்த 6.3 வோல்ற்றுச் சுருள் போதுமானது. வால்வு வேறாயின் கணக்கும் வேறாகும். வொக்ஸ் முதலிய ஆங்கிலேயக் கருவிகளில் உள்ள ஈஎல்84 ஒன்று 0.76 அம்பியர் உண்ணும். பெரிய கருவிகளில் வரும் ஈஎல்34 ஒன்று 1.5 அம்பியர் உண்ணும். இரண்டு 6வீ6 இருந்த கருவியின் நிலைமாற்றி, நான்கு ஈஎல்84 உள்ள கருவியைச் சுமக்காது.

5வை3 வால்வுக்கு 5 வோல்ற்றும் 2 அம்பியரும் வேண்டும். அதன் இழை உயர் அழுத்தத்திலேயே மிதந்து நிற்பதால், அதற்கெனத் தனிச் சுருள் வேண்டும். மற்றைச் சுருளிலிருந்து அதனை அகற்றும் காப்பும் உறுதியாக இருத்தல் வேண்டும். 6.3 வோல்ற்றுச் சுருளுக்கு நடுமுனை உண்டா என்பதையும் கேட்டல் நன்று. நடுமுனையைப் புவியோடு இணைத்தால் இரைச்சல் அடங்கும். அது இல்லாதவிடத்து இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் தடை ஒவ்வொன்றைப் புவிக்கு இணைத்து அக்குறையை நீக்குவர்.

ஐந்தாவதாகவே பருமனும் துளையும் வருகின்றன. மேற்கூறிய சிறு கருவியில் உயர் அழுத்தப் பகுதி 300 வோல்ற்றில் 110 மில்லியம்பியர், அதாவது 33 வாற்று. சூடாக்கும் சுருள்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 20 வாற்று. கூட்டினால் 53. கொள்ளளவி மடக்கு மடக்காகக் குடிப்பதால் உண்டாகும் மேலதிகச் சூட்டையும் கருதி, 80 வோல்ற்று-அம்பியர் அளவுள்ள நிலைமாற்றியைத் தெரிதல் தக்கது. அதற்கேற்ற இரும்பு எடை உண்டு. உள்ளங்கையில் அடங்கும் இலேசான ஒன்றின்மேல் பெரிய எண்கள் அச்சிட்டிருந்தால் ஐயுறல் வேண்டும். அதனைப் பூட்டுங்கால், ஒலியை ஸ்பீக்கருக்குத் தரும் வெளியீட்டு நிலைமாற்றிக்கு அண்மையில் வையாது, இரண்டின் சுருள்களும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக அமையுமாறு வைத்தால் இரைச்சல் குறையும்.

பழைய நிலைமாற்றியின் பெயர்ப்பலகை அழிந்துவிட்டால் என் செய்வது? அமெரிக்கக் கருவிகளிற் கம்பி நிறங்கள் வழிகாட்டும். முதற்சுருள் கறுப்பு. உயர் அழுத்தம் சிவப்பு. அதன் நடுமுனை சிவப்பில் மஞ்சட்கோடு. வால்வு இழை பச்சை. சீராக்கி இழை மஞ்சள். ஆங்கிலேயக் கருவிகள் இவ்வழக்கைப் பின்பற்றுவதில்லை. திருத்தியோர் கை பட்ட கருவிகளில் நிறம் எதுவும் உறுதியன்று. ஆகவே நிறத்தை நம்பாது அளந்தறிதல் வேண்டும். சுற்றுகள் குறுக்கிணையாது நலமாக உள்ள நிலைமாற்றியின் முதற்சுருளுக்கு 12 வோல்ற்று ஆடலோட்டத்தை ஊட்டினால், 6.3 வோல்ற்றுச் சுருளில் ஏறத்தாழ 0.33 வோல்ற்றும், 300 வோல்ற்றுச் சுருளில் ஏறத்தாழ 15.7 வோல்ற்றும் தோன்றும். விகிதத்தைக் கொண்டு உண்மை அளவைக் கணித்துவிடலாம். ஆனால் அந்த 12 வோல்ற்றைத் தவறுதலாக வால்வு இழைச் சுருளுக்கு ஊட்டிவிட்டால், முதற்சுருளில் 400 வோல்ற்றுக்கு மேல் எழும் என்பதையும் மறத்தலாகாது. சுற்றுகள் குறுக்கிணைந்த நிலைமாற்றியில் இம்முறை பயன் தராது. அப்போது வால்வுகளின் பெயர்களைக் கொண்டும், அக்கருவியின் சுற்றுப்படத்தைக் கொண்டும் மேற்கண்ட கணக்கைச் செய்தலே வழி.

பொருத்தமான புதியது கிடையாதவிடத்து, பழையதையே மறுபடி சுற்றுவிக்கலாம். அதனைச் செய்பவர் பழைய சுருளின் சுற்றுகளை எண்ணி, கம்பியின் தடிப்பை அளந்து, அடுக்குகளுக்கிடையே காப்புத்தாள் வைத்துச் சுற்றுபவரா என்று கேட்டறிக. முடிவில் நன்கு உலர்த்தி வார்னிஷ் ஊட்டுதல் இன்றியமையாதது. மழை மிக்க களனிப் பள்ளத்தாக்கிலே ஈரம் நிலைமாற்றியின் பெரும்பகை. திருவிழாவுக்குத் திருவிழா மட்டும் வெளியே வருகின்ற கருவி, இடையிலுள்ள மாதங்களில் ஈரத்தை உறிஞ்சிக் காப்பை இழக்கிறது. உலர்ந்த இடத்தில் மூடிவைத்து, இடையிடையே சிறிது நேரம் இயக்கி வந்தால் அதன் ஆயுள் நீளும்.

இறுதியாக உருகி. 80 வோல்ற்று-அம்பியரை 230ஆல் வகுத்தால் 0.35 அம்பியர். மெதுவாக எரியும் வகையைச் சேர்ந்த 0.5 அம்பியர் உருகி இதற்குப் போதும். 117 வோல்ற்றுக் கருவி ஒன்றை 230 வோல்ற்றுக்கு மாற்றியவர், பழைய உருகியை அப்படியே விட்டுவிடுதல் கூடாது. அழுத்தம் இருமடங்கானால் இழுக்கும் மின்னோட்டம் பாதியாகும். உருகியும் பாதியாக வேண்டும். நிலைமாற்றி எரியுமுன் தான் எரிந்து காப்பதே உருகியின் அறம். அதனைத் தடித்த கம்பியால் மாற்றுவோர் காவலாளியைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறந்து விடுகின்றனர்.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் நூற்றுக்கணக்கான வோல்ற்று தங்கியிருக்கும். தக்க தடையொன்றின் வழியாக அதனை வெளியேற்றி, மீற்றரால் அளந்து உறுதிசெய்யாமல் உள்ளே கைவைத்தல் உயிருக்கு இறுதியாகலாம். புவித்தொடுப்பு இல்லாத கருவியில் கித்தாரின் கம்பிகளே மின்னேறிய கம்பிகளாதல் கூடும்; வாசிப்பவர் ஒரு கையிற் கித்தாரும் மறு கையில் மைக்கும் பற்றிய வேளையில் அது ஆளையே கொல்லும். பயிற்சியில்லாதோர் இதனைத் தாமே திறத்தலாகாது. இத்துணையும் கூறியது, தேர்ந்த வினைஞரிடமும் கடைக்காரரிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டறிதற்பொருட்டே.

ஆகவே கொழும்புக்குப் பஸ் ஏறும் இளைஞர் பையிலே எரிந்த நிலைமாற்றியோடு ஒரு கடதாசித் துண்டையும் கொண்டுசெல்லட்டும். அதில் எழுத வேண்டியவை இவை: மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 சுழற்சி, உயர் அழுத்தச் சுருளின் வோல்ற்றும் மில்லியம்பியரும், நடுமுனை உண்டா என்பதும், சீராக்கி வால்வா, டயோட்டா என்பது, வால்வுகள் யாவற்றின் பெயர்களும், 6.3 வோல்ற்றுச் சுருளுக்கும் 5 வோல்ற்றுச் சுருளுக்கும் வேண்டிய அம்பியரும். ஈற்றிலே திருகுத் துளைகளுக்கிடையேயுள்ள தூரம். துளை ஒத்து எண் ஒவ்வாதது கிடைத்தால் அவர் வெறுங்கையோடு திரும்பலாம். எண் ஒத்துத் துளை ஒவ்வாதது கிடைத்தால் தயங்காது வாங்கலாம். தகட்டிலே புதுத் துளை இடுவதற்கு அரைமணி நேரம் போதும். எரிந்த சுருளுக்கு மீண்டும் பணம் சேர்ப்பதற்கோ அந்த இளைஞர்களுக்கு அடுத்த திருவிழா வரை ஆகும்.